ஈசிசேரும் நுரையீரலும்

நேயர்களுக்கு வணக்கம்.

1940 செப்டம்பர் 7. லண்டன் நகரத்தின் மேல் ஜெர்மானிய விமானங்கள் தொடர்ந்து குண்டு போடத் தொடங்கிய நாள். அன்றிலிருந்து அடுத்த மே மாதம் வரை, இருட்டினால் போதும், ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு பதுங்குமிடங்களுக்குப் போய்விடுவார்கள். எல்லோருக்கும் படுக்க இடம் இருக்காது. பலர் மடக்கு நாற்காலியைக் கையோடு எடுத்துப் போனார்கள். மரச்சட்டத்தில் கித்தான் துணி மாட்டிய நாற்காலி. நம் வீடுகளில் தாத்தாக்கள் சாய்ந்திருப்பார்களே, அந்த ஈசிசேர் போன்றது. விடிய விடிய அதிலேயே உட்கார்ந்து தூங்கினார்கள்.

அந்தச் சமயத்தில் லண்டனில் பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருந்த மருத்துவர்களில் ஒருவர் கீத் சிம்சன். அவரிடம் வந்த உடல்களில் சிலவற்றில் குண்டுக்காயம் எதுவும் இல்லை. திறந்து பார்த்தால், நுரையீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயை உறைந்த ரத்தக்கட்டி அடைத்திருந்தது. அந்த செப்டம்பர், அக்டோபர் கணக்கை முந்தைய ஆண்டின் அதே இரண்டு மாதங்களோடு ஒப்பிட்டார். இப்படிப்பட்ட சாவுகள் 6 மடங்கு ஆகியிருந்தன. காரணம் தேடிப் போனவர் வந்து நின்ற இடம் அந்த நாற்காலி. முன்பக்க மரச்சட்டம் தொடைக்கு அடியில் மணிக்கணக்காக அழுத்திக்கொண்டே இருக்கிறது, கால் தொங்குகிறது, அசைவே இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் இதை எழுதினார். உட்கார வைக்காதீர்கள், படுக்க வசதி செய்து கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

நான் நுரையீரல் மருத்துவம் பார்க்கிறவன். மூச்சுத்திணறலோடு வருகிறவரிடம் நான் காலைத் தொட்டுப் பார்த்தால், கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நெஞ்சு வலிக்கிறது என்றுதானே சொன்னோம், டாக்டர் ஏன் காலைப் பார்க்கிறார் என்று. அதற்கான பதிலைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

இதயத்திலிருந்து பாதத்துக்கு ரத்தம் இறங்கி வந்துவிடும். திரும்பி மேலே ஏறுவதுதான் பெரிய வேலை. அந்த வேலையைச் செய்வது நம் ஆடுசதை. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் ஆடுசதை இறுகி, உள்ளே ஆழத்தில் இருக்கும் சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களை, பிழிகிறது. ரத்தம் மேலே போகிறது. சிரைக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் அதைக் கீழே வழிய விடாமல் தடுக்கின்றன. நாம் அசையாமல் உட்கார்ந்தால் பிழிகிற கை நின்றுபோகிறது. வால்வுகளின் மடிப்புக்குப் பின்னால் ரத்தம் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் மெதுவாக உறையத் தொடங்கும். ஓட்டம் குறைவது, குழாயின் உட்சுவரில் காயம், ரத்தமே சுலபமாக உறையும் தன்மை, இந்த மூன்றும்தான் ரத்தக்கட்டிக்கு வழி என்று இன்றும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். காலில் உண்டாகும் கட்டிதான் பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகிறது என்று காட்டியவர் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. காலிலிருந்து வயிறு வழியாக இதயத்தின் வலப்பக்கம், அங்கிருந்து நேரே நுரையீரல். கட்டி பெரிதாக இருந்தால் இதயத்தின் வலப்பக்கம் தள்ள முடியாமல் திணறிப் போகும்.

லண்டன் சங்கதி போர்க்காலத்தோடு முடிந்துவிடவில்லை. விமானப் பயணம் பெருகியதும் அங்கேயும் இது வந்தது. பத்திரிகைகள் விமானத்தின் மலிவு வகுப்பின் பெயரையே இந்த நோய்க்கு வைத்துவிட்டன. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது. அதிக விலை டிக்கெட் வாங்கினால் தப்பிக்கலாம், விமானம் ஏறாதவர்களுக்கு வராது என்று ஒரு தப்பான எண்ணத்தை அது விதைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போகும் பயணம் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், கார் எல்லாம்தான். பயப்பட வேண்டாம், விமானத்தில் அப்படிப் போகிற 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான். ஆனால் ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

2004 அக்டோபரில் ஜப்பானில் நீகாட்டா பகுதியில் நிலநடுக்கம். வீடு மறுபடியும் ஆடுமோ என்ற பயத்தில் ஜனங்கள் காருக்குள்ளேயே தூங்கினார்கள். நிலநடுக்கத்திலிருந்து தப்பியவர்களில் சிலர் காரிலேயே உட்கார்ந்திருந்ததால் நுரையீரல் அடைப்பில் இறந்துபோனார்கள். லண்டனில் நாற்காலி, இங்கே கார் இருக்கை. 64 வருஷம் கழித்தும் அதே கதை.

பயணமோ பேரிடரோ எதுவும் வேண்டாம், வீட்டில் இருப்பதே போதும் என்று காட்டியது அமெரிக்காவில் சுமார் 70,000 செவிலியர்களை 18 ஆண்டுகள் கவனித்த ஆய்வு. 2011இல் வெளிவந்தது. வேலை நேரம் போக, வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, 10 மணி நேரத்துக்குள் உட்கார்ந்தவர்களைவிட இந்த ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். ஜப்பானிலும் ஒரு பெரிய ஆய்வு உண்டு. தினமும் 5 மணி நேரத்துக்கு மேல் டிவி பார்த்தவர்கள் நுரையீரல் அடைப்பில் இறக்கும் வாய்ப்பு, இரண்டரை மணி நேரத்துக்குள் பார்த்தவர்களைப் போல இரண்டரை மடங்கு. அந்த டிவியின் இடத்தில் இப்போது நம் கையில் செல்போன்.

சரி, என்ன செய்யலாம்? மணிக்கு ஒரு முறை எழுந்து நாலு அடி நடங்கள். எழ முடியாத பஸ்ஸில் குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். ஆடுசதை இறுகித் தளர்வது கைக்குத் தெரியும். கால்மேல் கால் போட்டுத் தூங்காதீர்கள். தண்ணீர் குடியுங்கள்.

இதைவிட அழுத்தமாக நான் சொல்ல விரும்புவது இரண்டு பேரைப் பற்றி. முதலில் பிள்ளை பெற்ற பெண். பிரசவத்துக்குப் பிறகு 6 வாரங்கள் ரத்தம் சுலபமாக உறையும் காலம். நம் வீடுகளில் அந்தச் சமயத்தில்தான் அவளைப் படுக்கையிலேயே வைத்து, தண்ணீரையும் அளந்து கொடுக்கிறோம். அன்போடு செய்கிறோம், ஆனால் தப்பாகச் செய்கிறோம். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள், டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டுக்குள் நடக்க விடுங்கள். அடுத்து, இடுப்பு, முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பெரியவர். அப்பா அசையவே கூடாது என்று பிள்ளைகள் பாசத்தில் தடுப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சொன்னபடி நடக்க வையுங்கள், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையோ ஊசியோ நாள் முடியும்வரை விடாமல் கொடுங்கள்.

அப்புறம், ஒரே ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, ஆடுசதை கனத்து, தொட்டால் சூடாக, வலியாக இருந்தால் அதைச் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் போட்டு நீவி விடாதீர்கள். உள்ளே கட்டி இருந்தால் நீவும்போதே அது நகர்ந்து போகலாம். கையை எடுத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தினாலோ, மயக்கம் வந்தாலோ, இருமலில் ரத்தம் தெரிந்தாலோ, வாயுப்பிடிப்பு என்று கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் காலையும் காட்டுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை நாள் அசையாமல் இருந்தார் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.