ஊசி போட்டும் மாடு நொண்டுகிறதா? முதலில் காலைத் தூக்கிப் பாருங்கள் – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கோபி பக்கத்திலிருந்து ஒரு அக்கா அனுப்பியது. "ஜெர்சி கலப்பு மாடுங்க. கன்று போட்டு 3 மாதம் ஆகிறது. 15 நாளாக இடது பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. இரண்டு ஊசி போட்டோம், சப்பையில் எண்ணெய் தேய்த்தோம். தீனி தின்கிறது, ஆனால் 10 லிட்டர் பால் 7 ஆகிவிட்டது. சுளுக்காக இருக்குமுங்களா?"

அக்கா, அந்தக் காலை யாராவது தூக்கிப் பார்த்தார்களா? உங்கள் செய்தியில் குளம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மாடு நொண்டினால் நம் கண் சப்பைக்கும் முட்டிக்கும்தான் போகிறது. கறவை மாட்டில் பத்து நொண்டலுக்கு எட்டு ஒன்பது குளம்பில்தான் இருக்கும். அதிலும் பின்னங்காலின் வெளிப்பக்கக் குளம்பில்தான் அதிகம், பாரம் அங்கேதான் இறங்குகிறது.

நான் வேலைக்கு வந்த புதிதில் தாராபுரம் பக்கம் ஒரு மாட்டுக்கு மூன்று நாள் தொடர்ந்து ஊசி போட்டேன். நான்காம் நாள் அந்த வீட்டுப் பெரியவர்தான், "ஏனுங்க, காலை ஒருக்காத் தூக்கிப் பார்த்துரலாமுங்களா?" என்று கேட்டார். உள்ளங்காலில் ஓர் ஆணி முழுதாக இறங்கியிருந்தது. அந்த மூன்று நாள் வலிக்கு நான்தான் காரணம். அதற்குப் பிறகு காலைத் தூக்காமல் நான் மருந்துப் பெட்டியைத் திறப்பதில்லை.

மாட்டை மரத்தோடு தலை ஒட்டக் கட்டுங்கள். பின்னங்கால் முட்டிக்கு மேலே மொத்தமான கயிற்றைச் சுற்றி, அதைக் கிளையிலோ விட்டத்திலோ போட்டு இரண்டு பேர் மெதுவாக இழுங்கள். மெல்லிய கயிறு சதையை அறுக்கும். மாடு சாய்ந்தால் ஒரே இழுப்பில் அவிழும்படி முடிச்சு இருக்கட்டும். குளம்பை நன்றாகக் கழுவுங்கள். இரண்டு குளம்புக்கும் நடுவே வெடித்து, வீங்கி, கெட்ட வாடை அடித்தால் அது குளம்பு அழுகல். கறுப்புக் கோடோ பொத்தலோ தெரிந்தால் கல், ஆணி, சீழ் என்று சந்தேகப்படலாம். உள்ளங்காலில் குதிப்பக்கமாகக் கட்டைவிரலால் அழுத்தும்போது மாடு வெடுக்கென்று காலை இழுத்தால் அங்கே புண் இருக்கிறது.

உங்கள் மாட்டில் இந்தக் கடைசி வகையைத்தான் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன். கன்று போடும் சமயத்தில் இடுப்பு நார்கள் தளர்வது உங்களுக்கே தெரியும். குளம்புக்குள் இருக்கும் எலும்பைத் தாங்குகிற நார்களும் அப்போதே தளர்ந்துவிடும். எலும்பு கீழே இறங்கி உள்ளங்கால் சதையை நசுக்கும். குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், அன்று பட்ட காயம் வெளியே தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

இதற்கு ஊசி மட்டும் போதாது, பாரத்தை இறக்க வேண்டும். டாக்டரை வரவழைத்து, புண்ணைச் சுற்றித் தளர்ந்திருக்கும் குளம்பைச் செதுக்கச் சொல்லுங்கள். நல்லாயிருக்கும் பக்கத்துக் குளம்பில் ஒரு கட்டையை ஒட்டினால் புண் குளம்பு தரையில் படாது. பினாயில், மண்ணெண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள், சதை வெந்துவிடும். வலிக்கு மெலோக்சிகாம் கேளுங்கள். இன்னொரு வலி மருந்தான டைக்ளோபினாக்கை மாட்டுக்குப் போட 2006-லேயே தடை வந்துவிட்டது. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது செத்த மாட்டைத் தின்றால் பிணந்தின்னிக் கழுகு செத்துவிடும். தமிழ்நாட்டில் மிச்சமிருக்கும் கழுகுகளில் பெரும்பாலானவை நம் சத்தியமங்கலத்தை ஒட்டிய மாயாற்றுப் பக்கம்தான் இருக்கின்றன. நம் கட்டுத்தரையில் போடும் ஊசி அதுவரைக்கும் போகும், அக்கா.

அப்புறம் தரை. நாள் முழுக்க ஈரச் சிமெண்டில் நிற்கிற குளம்பு ஊறி மெத்தென்று ஆகிவிடும். மாடு ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுக்க வேண்டும், சொரசொரப்பான சிமெண்டில் அது படுக்காது. காங்கேயம் மாட்டின் குளம்பு கறுத்து இறுகியிருக்கும், அதுவும் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) காய்ந்த மண்ணில் நடப்பதால்தான் சரியாகத் தேய்கிறது. ரப்பர் விரிப்பு போட முடியாவிட்டால், தினம் சில மணி நேரம் காய்ந்த மண்ணில் கட்டுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை குளம்பைச் செதுக்கிவிடுங்கள்.

தீனியையும் கேட்டுவிடுகிறேன். கல்யாண வீட்டில் மீந்த சோற்றைக் கழுநீர்த் தாழியில் கொட்டினீர்களா? சோறும் மாவும் ஒரேயடியாக உள்ளே போனால் வயிற்றில் புளிப்பு ஏறி, குளம்புக்குள் ரத்த ஓட்டம் கெடும். சோளத்தட்டு முதலில், அடர்தீவனம் பிரித்துப் பிரித்து.

குளம்பு அழுகலாக இருந்தால் 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்து, குளம்பு முழுகும்படி நிறுத்துங்கள். சாணியைக் கழுவிய பிறகுதான் மருந்து வேலை செய்யும். செம்மறி ஆடு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: மயில்துத்தத் தண்ணீரை ஆடு குடித்தால் செத்துவிடும். ஆட்டுக்கு ஜிங்க் சல்பேட்தான், 100 லிட்டருக்கு 10 கிலோ.

வாயில் எச்சில் ஒழுகி, நாக்கிலும் கொப்புளம் இருந்தால் அது கோமாரி. மாட்டைத் தனியாகக் கட்டிவிட்டு, அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

அக்கா, நாளைக் காலையில் கழுவிய உள்ளங்காலைப் படம் எடுத்து அனுப்புங்கள். டாக்டர் வரும்வரை மாட்டை மண்ணில் கட்டி வையுங்கள்.