ஐபிசி டேங்க் வாங்கும் முன் அதன் தகட்டைப் படியுங்கள்

(காட்சி: மதுரை அருகே கப்பலூர் தொழிற்பேட்டைச் சாலை. லாரியில் அடுக்கிய வெள்ளைத் தொட்டிகள்.)

வணக்கம். கம்பிக் கூண்டுக்குள் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி உட்கார்ந்திருக்கும் இந்தப் பெரிய பெட்டியை, கப்பலூர்ப் பக்கம் போய்வரும் எவரும் பார்த்திருப்பார்கள். ஐபிசி டேங்க் என்பது இதுதான். தொழிற்சாலைகளுக்கு ரசாயனமும் எண்ணெயும் சுமந்து வந்த இந்தத் தொட்டி, இப்போது பழைய பொருளாக உசிலம்பட்டி, மேலூர்த் தோட்டங்கள் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. வாங்குபவர்கள் பெரும்பாலும் விலையையும் லிட்டரையும் மட்டுமே கேட்கிறார்கள். எந்தத் திரவத்தை ஊற்றப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்கினால்தான் சரியான தொட்டி கையில் கிடைக்கும்.

முதலில் அளவு. ஐபிசியின் அடித்தட்டு, அதாவது பேலட், பொதுவாக 1200 மில்லிமீட்டர் நீளமும் 1000 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. அதே பேலட்டில் 200 லிட்டர் பேரல்களை நிறுத்தினால் நான்குதான் நிற்கும். மொத்தம் 800 லிட்டர். உருண்டைப் பேரல்களுக்கு இடையே வீணாகும் மூலைகளையும் சதுரத் தொட்டி பயன்படுத்திக்கொள்வதால், அதே இடத்தில் 1000 லிட்டர் அடங்கிவிடுகிறது.

ஆயிரம் லிட்டர் என்றால் ஆயிரம் கிலோ என்று கணக்குப் போடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். அது தண்ணீருக்கு மட்டுமே பொருந்தும். 98 சதவீதக் கந்தக அமிலத்தின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 1.84 கிலோ, ஆகவே அதே தொட்டி நிறைய அமிலம் ஊற்றினால் 1840 கிலோ ஆகிவிடும். தேங்காய் எண்ணெயோ 920 கிலோவைச் சுற்றியே நிற்கும். தண்ணீரே ஆனாலும், தொட்டியின் சொந்த எடையான 60 கிலோ வரையும் சேர்ந்து, ஒன்றேகால் சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் ஒரு டன்னுக்கு மேல் அழுத்துகிறது. மொட்டை மாடியில் வைக்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை இப்போதே கைவிடுங்கள்.

(காட்சி: கூண்டின் முன்பக்கத் தகடு, மிக அருகில்.)

இந்தத் தகட்டில் 31ஹெச்ஏ1 என்று பொறித்திருக்கிறது. 31 என்பது திரவத்துக்கான உறுதியான தொட்டி. ஹெச் என்பது பிளாஸ்டிக். ஏ என்பது இரும்புக் கூண்டு. 1 என்பது உள்தொட்டி மடங்காத வகை. அடுத்துள்ள எழுத்து, எவ்வளவு ஆபத்தான பொருள் வரை இதில் அனுப்பலாம் என்பதைக் குறிக்கிறது. அதற்கடுத்து வருவது தயாரித்த மாதமும் ஆண்டும். ஆபத்தான திரவங்களைக் கொண்டுசெல்ல, பிளாஸ்டிக் உள்தொட்டியை அந்தத் தேதியிலிருந்து 5 ஆண்டுகள் மட்டுமே பயன்படுத்தலாம். இடையில் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை கசிவுச் சோதனையும் உண்டு. மொத்த எடையின் உச்சவரம்பும், மேலே எவ்வளவு பாரம் அடுக்கலாம் என்பதும் இதே தகட்டில் இருக்கின்றன. தகடு உரிந்துபோன தொட்டியை நான் வாங்குவதில்லை.

பெட்ரோல், தின்னர் போன்ற எளிதில் தீப்பற்றும் திரவங்களைச் சாதாரண பிளாஸ்டிக் ஐபிசியில் ஊற்றாதீர்கள். வேகமாக ஊற்றும்போது உருவாகும் நிலைமின்சாரம் வெளியேற வழியில்லை. தீ நெருங்கினால் தொட்டியும் உருகி, உள்ளே இருப்பதெல்லாம் தரையில் பரவும். இவற்றுக்கு உலோகத் தொட்டியோ, மின்சாரத்தைக் கடத்துமாறு தனியாகத் தயாரித்த வகையோ வேண்டும்.

(காட்சி: அடியில் உள்ள வால்வு. மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைக் காட்டுகிறோம்.)

தொட்டி நன்றாக இருந்தும் வால்வில் ஒழுகுவது ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்த வளையத்தில் இருக்கிறது. இபிடிஎம் என்ற ரப்பர் தண்ணீருக்கும் காரத்துக்கும் நன்றாக உழைக்கும். எண்ணெய் பட்டால் ஊதிப் போய்விடும். செக்கு எண்ணெய் வைப்பவர்கள் எண்ணெய்க்கு ஏற்ற வளையத்தை, அதாவது கேஸ்கட்டைக் கேட்டு வாங்க வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால், மார்கழி விடியலில் மதுரையிலும் வால்வருகே கட்டியாகி நிற்கும்; வெயில் ஏறும்வரை பொறுக்க வேண்டியதுதான்.

ஒருமுறை மேல்மூடியைத் திறக்காமலே மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை இறைத்தேன். காற்று நுழைய வழியில்லாத தொட்டி, பிழிந்த பால் பாக்கெட்டைப் போல உள்ளே வளைந்துவிட்டது. திறந்த பின் பாதி நிமிர்ந்தது. மடிந்த இடத்தில் விழுந்த வெள்ளைக் கோடு அப்படியே இருக்கிறது.

பழைய தொட்டியில் மிக முக்கியமான கேள்வி, முன்பு அதில் என்ன இருந்தது என்பதே. கழுவிவிட்டதாக ஒரு வியாபாரி உறுதி சொன்ன தொட்டியை மத்தியான வெயிலில் வைத்துத் திறந்தபோது, பூச்சிமருந்து வாடை முகத்தில் அடித்தது. பிளாஸ்டிக் சில ரசாயனங்களை உள்ளிழுத்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். ஆகவே உணவுப் பொருள் வந்த தொட்டி என்பதற்கு ஒட்டிய லேபிளே சாட்சியாக இல்லாவிட்டால், குடிநீருக்கோ எண்ணெய்க்கோ அதைப் பயன்படுத்தக் கூடாது.

இயற்கை விவசாயத்துக்கான சாணக் கரைசலான ஜீவாமிர்தம் கலக்க, ஏக்கருக்கு 200 லிட்டர் என்ற கணக்கில் ஒரு தொட்டி ஐந்து ஏக்கருக்குப் போதும். மூடியை இறுக்காதீர்கள், நொதித்து வாயு வரும். துணியில் வடிகட்டாமல் விட்டால் சாணத் திப்பி வால்வை அடைத்துக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பச்சை வலையையோ கறுப்பு உறையையோ போர்த்தினால் பாசி குறையும். மரப் பேலட்டை மண்ணில் நேரடியாக வைத்தால் கரையானுக்கு விருந்து. கல் பாவிய தரையில் வையுங்கள்.

எதை வாங்கினாலும், முதலில் தண்ணீர் நிரப்பி, வால்வுக்குக் கீழே ஒரு செய்தித்தாளை விரித்து ஓரிரவு விட்டுவிடுங்கள். காலையில் தாள் ஈரமாக இருந்தால் கேஸ்கட்டை மாற்றி, மறுபடியும் ஓரிரவு பாருங்கள்.