காவிரியின் இரு கரைகளும் ஒரு காதல் கதையும்

அவைத்தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, காங்கயத்திலிருந்தும் சென்னிமலையிலிருந்தும் பேருந்து பிடித்து வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

கொங்கு நாட்டில் கும்பினி ஆட்சிக்கு, அதாவது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு, எதிராக எழுந்த கிளர்ச்சியைக் களமாகக் கொண்டு ஒரு காதல் புதினம் எழுத வேண்டுமானால் அதை எப்படி எழுதுவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இந்த அவையில் இளைய எழுத்தாளர்கள் சிலர் இருக்கிறார்கள். ஆகவே எழுதி முடித்த நூலை நிறுத்துப் பார்ப்பவனாக இல்லாமல், எழுதத் தொடங்குபவரின் பக்கத்தில் அமர்ந்து பேசுபவனாகவே பேசுகிறேன்.

காலத்தை முதலில் வரையறுத்துக்கொள்வோம். 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணத்துக் கோட்டை வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டதைத் தொடர்ந்து கோயம்புத்தூர்ச் சீமை கும்பினியின் கைக்கு வந்தது. 1800 ஜூன் 3 அன்று கோவைக் கோட்டையைத் தாக்கக் கிளர்ச்சியாளர்கள் நாள் குறித்தார்கள். அது முகர்ரம் பத்தாம் நாள், கும்பினிப் படையிலிருந்த முஸ்லிம் சிப்பாய்கள் அந்த நாளின் சடங்குகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்பது கணக்கு. திட்டம் தோற்றது, பிடிபட்டவர்களில் 42 பேர் இராணுவ விசாரணைக்குப் பின் தூக்கிலிடப்பட்டார்கள். அதன்பின் 1801-இல் காவிரிக்கரை, 1802-இல் ஓடாநிலை, 1804-இல் அறச்சலூர் என்று கிளர்ச்சித் தலைவர் தீரன் சின்னமலையின் போர்கள் வரிசையாக வருகின்றன. 1805 ஜூலை 31-ஆம் நாள் சங்ககிரிக் கோட்டையில் அவர் தூக்கிலிடப்பட்டார். ஆறே ஆண்டுகள். ஒரு புதினத்துக்கு இது அளவான காலம். ஒரு பெண் நிச்சயமாகி, மணமாகி, குழந்தை பெற்று, அந்தக் குழந்தை ஆடு ஓட்டும் வயதுக்கு வந்துவிடும் காலம்.

இந்தக் காலத்தைக் கதையாக்க வருபவர்கள் பெரும்பாலோர் முதலில் செய்வது, தலைவனான சின்னமலைக்கே ஒரு காதலியைத் தேடிக் கொடுப்பது. ஓடாநிலைக் கோட்டை மதிலில் நிலவொளியில் ஒரு சந்திப்பு, ஒரு மோதிரம், பகைவன் வீட்டில் பிறந்த ஓர் அழகி. அதைப் படிக்கும்போது எனக்கு ஏற்படும் சங்கடம் பக்தியினால் வருவதில்லை. சின்னமலை எங்கே பிறந்தார், எங்கே போரிட்டார், எங்கே இறந்தார் என்பது வாசகனுக்குத் தெரியும். எந்தக் காதலியும் அவரைச் சங்ககிரியிலிருந்து மீட்கப்போவதில்லை என்பதும் தெரியும். விளைவு முன்பே தெரிந்துவிட்ட வாழ்க்கைக்குள் கற்பனைக் காதலை நுழைத்தால், அந்தக் காதலுக்கு எதையும் மாற்றும் வலு இருக்காது. அது அலங்காரமாக நின்றுவிடும்.

நம் இலக்கணம் இதை எப்போதோ யோசித்து வைத்திருக்கிறது. 'மக்கள் நுதலிய அகன் ஐந்திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்கிறது தொல்காப்பியம். போருக்கும் கொடைக்கும் பெயர் உண்டு. அகத்துக்குப் பெயர் கிடையாது. சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் பாசறையிலிருக்கும் அரசன் பெயர் எங்கும் சொல்லப்படவில்லை. ஆனாலும் வேலின் தலையில் வேப்பமாலை சூட்டியிருப்பதாக ஒரு வரி வந்துவிட்டது, வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ என்பதால் அந்தப் பாட்டு அகமாகாது, புறமே என்று வாதிட்டார்கள் உரைகாரர்கள். ஒரு வேப்பமாலைக்கே அவ்வளவு கண்டிப்பு! அதே கண்டிப்பை இன்றைய புதினத்துக்கு விதிக்க வேண்டியதில்லை. எனினும் அதில் ஒரு கதைத் தொழில்நுட்பம் இருக்கிறது. கிளர்ச்சியின் புறத்தைப் பெயருள்ளவர்களுக்கு விட்டுவிட்டு, அகத்தை ஆவணத்தில் பெயர் ஏறாதவர்களுக்குக் கொடுத்தால், வாசகனுக்கு முடிவு தெரியாத ஒரு கதை கிடைத்துவிடும்.

அப்படியானால் அந்தப் பெயரில்லாத இருவரை எங்கே நிறுத்துவது? காவிரியின் இரு கரைகளில் நிறுத்தலாம் என்பேன். சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் எழுத்தாளர்கள் அதிகம் கை வைக்காத இடம் இது.

மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்தபோது, 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திப்பு தன் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். சேலமும் பாராமகாலும் திண்டுக்கல்லும் கும்பினிக்குப் போயின. கோயம்புத்தூர்ச் சீமை திப்புவிடமே இருந்தது. வரைபடத்தில் இது ஒரு கோடு. நம் ஊரில் அந்தக் கோடு காவிரி. கிழக்கே சங்ககிரியும் திருச்செங்கோடும் கும்பினி நாடு. மேற்கே ஈரோடும் பெருந்துறையும் காங்கயமும் திப்பு நாடு. ஆனால் கொங்கை இருபத்துநான்கு நாடுகளாகப் பிரிக்கும் பழைய கணக்கில் இரண்டு கரைகளுமே பூந்துறை நாடுகள்: மேல்கரைப் பூந்துறை, கீழ்கரைப் பூந்துறை. பங்காளி அக்கரையில், மாமன் மச்சான் இக்கரையில் என்று வாழ்ந்த சனங்களுக்கு நடுவில் ஏழு ஆண்டுகள் இரண்டு அரசுகள் நின்றன. அக்கரையில் கும்பினி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் குடியானவரோடு நேராக நிலத் தீர்வை பேசிப் பட்டா கொடுத்துக்கொண்டிருக்க, இக்கரையில் மைசூர் அதிகாரிகள் தங்கள் வழக்கப்படி வரி தண்டினார்கள்.

இப்போது திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தியையும், பெருந்துறைப் பக்கத்து முறைப்பையன் ஒருவனையும் எண்ணிப் பாருங்கள். சிறு வயதிலேயே பேசி வைத்த உறவு. இடையில் ஆறு. பரிசலில் அரை நாழிகைத் தொலைவு. ஆனால் பரிசல் ஏறுகிறவன் சீர் கொண்டு போகிறானா, செய்தி கொண்டு போகிறானா என்று இரு கரைக் காவலர்களும் ஐயுறலாம். காதல் புதினத்துக்குத் தேவையான தடையை எழுத்தாளர் கற்பனை செய்யவே வேண்டாம். சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கை செய்து கொடுத்துவிட்டது.

இதைவிடச் சுவையான திருப்பம் 1799-இல் வருகிறது. திப்பு வீழ்ந்ததும் இரு கரைகளும் ஒரே கும்பினிக்கு உட்பட்டுவிடுகின்றன. இவ்வளவு காலம் அவர்களைப் பிரித்த எல்லை ஒரே நாளில் மறைந்துபோகிறது. பெண் வீட்டார் மகிழலாம்; இனிக் கல்யாணத்துக்கு என்ன தடை? அதே வேளையில் மாப்பிள்ளையோ சின்னமலையின் ஆட்களோடு சேர்ந்துவிட்டான். பெண்ணின் தகப்பனாருக்குக் கும்பினி ஏழு ஆண்டுப் பழக்கம், கையில் பட்டாவும் இருக்கிறது. அதை எதிர்க்க அவருக்கு முகாந்திரம் இல்லை. மாப்பிள்ளைக்குக் கும்பினி நேற்று வந்த அந்நியன். இவர்களில் யாரும் துரோகி அல்லர், யாரும் வீரக் குரிசிலும் அல்லர். ஒரே குடும்பத்துக்குள் இரு வேறு அரசியல் பட்டறிவுகள் மோதுகின்றன. கெட்டவன் ஒருவன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து பெண்ணைத் தூக்கிப் போவதைவிட இது எவ்வளவோ கூர்மையான முரண்.

கொங்கு நாட்டுக் காதலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மண்ணின் பெருங்கதை அண்ணன்மார் கதை. உடுக்கை அடித்து விடிய விடியப் பாடப்படும் அந்தக் கதையின் நெஞ்சம் காதலன் காதலியரிடம் இல்லை. பொன்னரும் சங்கரும் அவர்கள் தங்கையுமே அதைத் தாங்குகிறார்கள். நம் திருமணச் சடங்கிலும் மாப்பிள்ளையின் உடன்பிறந்தாளுக்கு இணைச்சீர் என்று தனி இடம் வைத்திருக்கிறோம். ஆகவே இந்த மண்ணில் எழுதப்படும் காதல் கதையில் மூன்றாவது ஆள் ஒருத்தி கட்டாயம் இருப்பாள், அவள் மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ. அரண்மனைக் கதைகளின் தோழியை இங்கே கொண்டுவந்தால் அவளுக்குச் செய்வதற்கு எதுவும் இருக்காது. நாத்தனாரைக் கொண்டுவந்தால் கதை தானே நகரும்: தம்பியைப் போருக்கு அனுப்புவதா, மணவறையில் உட்கார வைப்பதா என்று அவளும் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கும். அதேபோல ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலப்பிரிவில், பெண் எடுக்கக் கூடாது என்ற விதியும் கதைக்குள் உயிரோடு இருக்க வேண்டும். கூட்டமும் காணியும் கேட்காமல் இரண்டு பேர் கிணற்று மேட்டில் பார்த்த மாத்திரத்தில் மயங்கினார்கள் என்று எழுதினால், அது கொங்கில் நடக்கும் கதையாகாது.

சாதி தாண்டிய காதலை எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் 1800-இல் அது என்ன விலை கேட்டிருக்கும் என்பதை மழுப்பாமல் எழுத வேண்டும். சின்னமலையின் படையில் பல சாதியாரும் இருந்தார்கள். அருந்ததியரான பொல்லான் செருப்புக்குள் செய்தி வைத்து அனுப்பினார் என்று இன்றும் சொல்கிறோம், ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். போர்க்களத்தில் உடன் நின்றவனுக்கு வீட்டுத் திண்ணையில் என்ன இடம் என்ற கேள்வியைத் தொடாமல் இந்தக் கிளர்ச்சியைப் பற்றிய நேர்மையான புதினம் ஒன்றை எழுதிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. இன்றைய செய்தித்தாளைப் படிப்பவர்களுக்கு அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

திருமணக் கூட்டமே ஐயத்துக்குரியதாகும் காலம் அது என்பதையும் மறக்க வேண்டாம். சடங்கை நடத்தும் அருமைக்காரர் வர வேண்டும், மங்கல வாழ்த்துப் பாட நாவிதரான குடிமகன் வர வேண்டும், உறவின்முறை திரள வேண்டும். ஆண்கள் பாதிப்பேர் ஓடாநிலையில் இருக்கும்போது அது எப்படி நடக்கும்? 1806 ஜூலை 9 அன்று வேலூர்க் கோட்டையில் திப்புவின் மகள் ஒருத்திக்குத் திருமணம். மறுநாள் விடியுமுன் சிப்பாய்கள் துப்பாக்கி எடுத்தார்கள். கல்யாணத்துக்கும் கலகத்துக்கும் இடையே அவ்வளவு நெருக்கம் இருந்த ஆண்டுகள்.

சூழல் விவரங்களை விரைவாகச் சொல்லி நகர்கிறேன். தலைமறைவான நாயகனைச் சீமைக்கருவேலங் காட்டில் ஒளிய வைக்காதீர்கள். அந்த மரம் இங்கு வந்தது பிற்காலத்தில். அவன் ஒளிவதானால் கிளுவை வேலி அடைத்த மேய்ச்சல் நிலமான கொரங்காடும் வெள்வேல மரமும் இருக்கின்றன. மணப்பெண்ணைப் பவானி ஜமக்காளத்தில் உட்கார வைக்காதீர்கள். அது புகழ்பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். விருந்தாளிக்குக் காபி வேண்டாம், நீர்மோர் கொடுங்கள். அன்றாடச் சோறு கம்பும் சோளமும் இராகியும்; நெல்லுச் சோறு விசேஷ நாளுக்கு. 'பிரபு' என்றும் 'நாதா' என்றும் விளிக்கும் கதாநாயகி, காங்கயத்துக் கட்டுத்தரையில் சாணி வழித்துக்கொண்டே அப்படிப் பேசினால் மாடே திரும்பிப் பார்க்கும். இங்கே அவள் 'ஏனுங்க' என்பாள், 'மாமா' என்பாள். அந்த 'ங்க'வில் எவ்வளவு கோபத்தையும் எவ்வளவு ஆசையையும் ஏற்றலாம் என்பது இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். பொருளாதாரச் செய்தி வேண்டுமென்றால், 1800-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அதாவது அந்த 42 பேர் தூக்கிலிடப்பட்ட சில மாதங்களிலேயே, பிரான்சிஸ் புக்கானன் இந்தச் சீமை வழியே பயணம் செய்தார். கிணறு, தறி, தீர்வை, இரும்பு உருக்கு என்று அவர் எழுதிவைத்தவை 1807-இல் இலண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. கும்பினியின் ஆள் எழுதியது என்ற எச்சரிக்கையோடு அதைப் படியுங்கள்.

சின்னமலை தூக்கிலிடப்பட்ட நாள் ஆடிப் பதினெட்டு. புதுமணப் பெண்கள் காவிரியில் நீராடித் தாலிச் சரடு மாற்றிக்கொள்ளும் நாளும் அதுவே. இந்தப் பொருத்தத்தைக் கண்டதும் எந்த எழுத்தாளருக்கும் கை துறுதுறுக்கும். கடைசி அத்தியாயத்தில் ஒரு பக்கம் தூக்குக் கயிறு, மறுபக்கம் மஞ்சள் கயிறு என்று எழுதி முடித்துவிடத் தோன்றும். அதை விட்டுவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். அந்த நாள் கதையின் நடுவில் எங்கேனும் ஒரு பத்தியில் நடந்து போகட்டும். பவானிக் கூடுதுறையில் முளைப்பாரி விட்டுக்கொண்டிருப்பவர்களுக்குச் சங்ககிரிச் செய்தி அன்றே எட்டியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு நாள் கழித்துச் சந்தைக்குப் போய் வந்தவர் சொல்லித் தெரிந்தால் போதும்.

கதை அதற்குப் பின்னும் தொடர வேண்டும். 1801 டிசம்பரிலேயே தென்னாட்டுப் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் கும்பினி பிரகடனம் செய்துவிட்டது. 1804-இல், கும்பினி நிர்வாகத்தில் இரண்டு பிரிவாகக் கிடந்த கோயம்புத்தூர்ச் சீமை ஒரே கோயம்புத்தூர் மாவட்டமாயிற்று. கிளர்ச்சியில் நின்று உயிர் தப்பிய நம் பெருந்துறைக்காரன் வீடு திரும்புகிறான். ஏர் பிடிக்க நிலம் வேண்டும். நிலத்துக்குப் பட்டா வேண்டும். பட்டாவுக்குக் கும்பினி அலுவலகமான கச்சேரியில் போய்ப் பெயர் சொல்ல வேண்டும். ஆறு ஆண்டுகள் பெயர் வெளியில் வராமல் காத்துக்கொண்டவன் தன் பெயரைத் தானே கும்பினிக் கணக்கில் எழுதிக் கொடுப்பானா, அல்லது மாமனாரின் பட்டாவில் பண்ணையாளாக ஒதுங்குவானா, அதை அவனிடம் கேட்கும் உரிமை அவன் மனைவிக்கு உண்டா, அவன் அக்காளுக்கு உண்டா? என் கணக்கில் புதினத்தின் கடைசி முந்நூறு பக்கங்கள் இவைதாம். இதை எழுதத் துணிபவர் யாரேனும் இங்கிருந்தால், உரைக்குப் பின் வரும் கேள்வி நேரத்தில் முதல் கேள்வியை அவரே கேட்கட்டும், நன்றி, வணக்கம்.