24 வோல்ட் பக்கம் ஷார்ட் ஆகியும் எம்சிபி ஏன் ட்ரிப் ஆகவில்லை? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். ஒரு நேயர் அனுப்பிய கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. "ஐயா, எஸ்7-300 (ஆலை இயந்திரங்களை இயக்கும் சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கணினி, பிஎல்சி) பேனலில் புதிதாக 10 ஆம்பியர் பிஎஸ் 307 பவர் சப்ளை (24 வோல்ட் டிசி தருவது) பொருத்தினேன். வெளியே ஒரு சென்சார் கேபிள் நசுங்கி ஷார்ட் ஆனதும் பிஎல்சியின் மூளையான சிபியு உட்பட எல்லாம் அணைந்துவிட்டன. அந்தச் சென்சாருக்குப் போட்டிருந்த சி6 எம்சிபி (சி வகை, 6 ஆம்பியர்; மின்னோட்டம் மிஞ்சினால் தானாக அணையும், அதாவது ட்ரிப் ஆகும், சுவிட்ச்) மட்டும் ட்ரிப் ஆகவே இல்லை. எம்சிபி பழுதா?"

பழுதில்லை. சி வகை எம்சிபி உடனே ட்ரிப் ஆக, ஏசியில் அதில் குறித்திருக்கும் ஆம்பியரைப் போல 5 முதல் 10 மடங்கு மின்னோட்டம் வேண்டும். டிசியில் இன்னும் கூடுதல். 6 ஆம்பியர் எம்சிபிக்கு 60 ஆம்பியருக்கு மேல்கூடத் தேவைப்படலாம். பவர் சப்ளை அவ்வளவு தராது. சுமை எல்லை மீறியதும் வோல்டேஜை இறக்கிக்கொள்ளும். அதனால்தான் அதே 24 வோல்ட்டில் ஓடும் சிபியுவும் அணைந்தது. வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரியும்: பவர் சப்ளை தன்னைத்தான் காத்துக்கொள்ளும், உங்கள் ஒயரிங்கைக் காக்காது.

பெரிய பவர் சப்ளை போட்டால் தீருமா? தீராது. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.04 ஓம். சென்சார் 20 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 40 மீட்டர், 1.6 ஓம். 24-ஐ 1.6-ஆல் வகுத்தால் 15 ஆம்பியர். லாரி பேட்டரியையே வைத்தாலும் அதற்கு மேல் பாயாது. 15 ஆம்பியரில் அந்த எம்சிபி ட்ரிப் ஆக ஒரு நிமிடம்கூட ஆகலாம்.

ஒரு மாவு ஆலையில் கன்வேயர் ஓரத்து லிமிட் சுவிட்ச் கேபிளை எலி கடித்திருந்தது. அதிர்வில் ஒயர்கள் உரசும்போதெல்லாம் ஆலை நின்றது. பவர் சப்ளையை மாற்றினார்கள், பிறகு சிபியுவையே மாற்றினார்கள். எம்சிபி ட்ரிப் ஆகாததால் கேபிள் பக்கம் யாரும் போகவில்லை. பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆகவே 24 வோல்ட்டைக் கிளைகளாகப் பிரியுங்கள். சிபியுவுக்குத் தனி, சென்சார்களுக்குத் தனி, சொலினாய்டு வால்வுகளுக்குத் தனி. ஒவ்வொரு கிளைக்கும் எலக்ட்ரானிக் பாதுகாப்பு மாட்யூல் போடலாம்; ஷார்ட் ஆன கிளையை மட்டும் அது துண்டிக்கும். பட்ஜெட் இல்லையென்றால் சென்சார் கிளைக்கு வேகமாக எரியும் 1 ஆம்பியர் ஃபியூஸ்.

நேயர் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உண்மையில் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும்: பவர் சப்ளை மாட்யூலை எங்கே பொருத்துவது? அவர் அனுப்பிய படத்தில் அதன் தலைக்கு மேலேயே ஒயர் டக்ட் (ஒயர்கள் போகும் நீளப் பெட்டி) ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூடான காற்று எப்படி வெளியேறும்? எஸ்7-300-க்கு மேலும் கீழும் 40 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். மாட்யூல்களை மாட்டும் ரெயில் கிடையாக இருந்தால் சுற்றுக் காற்றின் வெப்பம் 60 டிகிரி வரை தாங்கும், செங்குத்தாக இருந்தால் 40 தான். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஃபியூஸ் வாங்க நாளாகலாம். அந்த டக்டை அடுத்த ஷட்டவுனிலேயே மேலே தூக்கிவிடுங்கள்.