டாங்க் என்றால் குளம்

நேயர்களுக்கு வணக்கம். தினமும் காதில் விழும் ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட சொல் ‘டாங்க்’.

இந்தச் சொல்லைக் கேட்டதும் வட இலங்கையின் வன்னியில் பலருக்குக் கண்முன் வருவது சங்கிலிச் சக்கரத்தில் உருண்டுவரும் யுத்த டாங்கி. அதில் வியப்பில்லை, அதை நாங்கள் அகராதியில் பார்த்து அறிந்துகொள்ளவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கள் குளங்களான இரணைமடுவும் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் ‘டாங்க்’தான். மன்னார்ப் பக்கத்துக் கட்டுக்கரைக்குளத்தை வெள்ளைக்காரர் ‘ஜயன்ட்ஸ் டாங்க்’, அதாவது இராட்சதக் குளம் என்றார்கள். ‘எங்கள் ஊரில் ஒரு பெரிய டாங்க் உண்டு’ என்ற பாடவரியைப் படித்த மாணவன் ஒருவன், “அது இன்னும் அங்கேதான் நிற்கிறதா, சேர்?” என்று என்னிடம் கேட்டான். அவன் கேலி பேசவில்லை.

இரண்டில் மூத்தது குளம்தான். 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயரிடம் இதற்குப் பொருத்தமான சொல் இருக்கவில்லை. ‘லேக்’ இயற்கையாய் அமைந்த ஏரி, ‘பொண்ட்’ சிறு குட்டை. ஆற்றை மறித்து அணை கட்டி, வயலுக்கு நீர்விடத் துருசு வைத்து, மிஞ்சும் வெள்ளம் வெளியேற வான் விட்டு வைத்திருக்கும் நீர்நிலையை என்னவென்று சொல்வது? இங்கே காதில் விழுந்ததையே எடுத்துக்கொண்டார்கள். யூல், பேர்னல் இருவரும் 1886இல் வெளியிட்ட ‘ஹொப்சன்-ஜொப்சன்’ அகராதி இதற்கு இரண்டு ஊற்றுகளைக் காட்டுகிறது. ஒன்று, குஜராத்தி, மராத்தி வழக்கில் நீர்த்தேக்கத்தைக் குறித்த சொல். மற்றது போர்த்துக்கேயரின் ‘டாங்கே’. அதைத் தேங்கிய நீரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு இணைக்கிறார்கள். இரண்டும் கலந்திருக்கலாம்.

எங்கள் ‘தாங்கி’தான் டாங்க் ஆனது என்று மேடையில் முழங்குவோரும் உண்டு. ‘தாங்கு’ நல்ல தமிழ். சுமைதாங்கி பழைய சொல். ஆனாலும் ஒலி ஒத்துப்போனதை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது. ‘தண்ணீர்த் தாங்கி’ ஆங்கில ஒலியை ஒட்டிப் பின்னால் அமைந்தது என்றே எனக்குப் படுகிறது.

சரி, குளம் எப்படிப் போர்க்களத்துக்குப் போனது? 1915இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் புதிய கவச வாகனம் இரகசியமாக உருவானது. ‘தரைக்கப்பல்’ என்று அதை அழைத்தால் குட்டு உடைந்துவிடும். ஆகவே மெசப்பொத்தேமியாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்று கதை கட்டினார்கள். ‘வோட்டர் கேரியர்’ என்று பெயர் வைத்தால் முதலெழுத்துகளான ‘டபிள்யூ. சி.’ கழிப்பறையைக் குறித்துவிடும் என்று அதிகாரிகள் கூசினார்களாம். கடைசியில் ‘டாங்க்’ வென்றது. 1916 செப்டெம்பர் 15ஆம் தேதி பிரான்சின் சொம் போர்முனையில் அந்த வண்டிகள் இறங்கியதோடு இரகசியம் போயிற்று. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டனில் வளரும் மச்சானுக்கு ‘டாங்கில் குளித்தேன்’ என்று எழுதினால், கூரைமேல் வைத்த பிளாஸ்டிக் தாங்கிக்குள் நீங்கள் இறங்கியதாக நினைப்பார். அவருக்கு ‘ரிசர்வோயர்’ என்று எழுதுங்கள். பரீட்சைத் தாளில் ‘டாங்க்’ என்றே எழுதலாம். இலங்கை ஆங்கிலத்தில் அது பிழையல்ல. வணக்கம்.