வீட்டில் வாங்கியது ரூ. 60

பெரியோர்களே, தாய்மார்களே, இளைய நண்பர்களே, வணக்கம்.

பழைய காலத்து உழவர் குடும்பம் ஒன்றின் வரலாற்றைப் பேச வேண்டும் என்று அழைத்தபோது, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே குடும்பத்தைப் பற்றிப் பேசுவதே முறை என்று எண்ணினேன். ஆகவே, சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் இடையில் ஒரு தோட்டத்தில் வாழ்ந்து மறைந்த என் அப்பாரு, அப்பத்தா, அதாவது தந்தைவழித் தாத்தா, பாட்டி இருவரைப் பற்றியும் பேசுகிறேன்.

அப்பாரு விட்டுச் சென்றவற்றுள் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தி பிரித்து, 1920-களின் கடைசியிலிருந்து அவர் எழுதி வந்தது அது. மயிலைக்காளை வாங்கியது, செவலை விற்றது, வடம் மாற்றியது, பண்ணையாளுக்கு அளந்த கம்பு இத்தனை வள்ளம் என்று எல்லாமே அதில் உண்டு. அப்பத்தாவின் பெயரைத் தேடி அந்த நோட்டு முழுவதையும் இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன், ஓரிடத்திலும் இல்லை. ஆனால், 1931-ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றில் ஒரு வரி இருக்கிறது: "வீட்டில் வாங்கியது ரூ. 60." மனைவியை 'வீட்டில்' என்று சொல்லும் வழக்கம் இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களிடம் வாங்கிய கடன் திருப்பிக் கொடுக்கப்பட்டதும் அந்த வரியின் குறுக்கே அவர் ஒரு கோடு இழுத்துவிடுவார். இந்த வரியில் மட்டும் கோடு இல்லை.

அந்த அறுபது ரூபாய் எங்கிருந்து வந்தது, எதற்குப் போனது என்று விசாரித்துக்கொண்டு போனதில்தான் எங்கள் குடும்பத்தின் வரலாறு எனக்குப் பிடிபட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் எங்கள் மண்ணில் வானத்தை மட்டும் நம்பி வெள்ளாமை செய்தால் கம்பும் சோளமும் கொள்ளும் விளையும். அதுவும் மழை பெய்தால்தான். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் கோயம்புத்தூர் ஜில்லாவும் சேலம் ஜில்லாவும் பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லியே எங்கள் முன்னோர்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்த அச்சம்தான் அவர்களைப் பாறையைக் குடைந்து கிணறு வெட்ட வைத்தது என்று நான் கருதுகிறேன். பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தது. மானாவாரியில் விளைந்த உப்பம், நாடம் என்ற பழைய பருத்தி வகைகளைவிட இழை நீளமானது. ஆலைக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். ஆனால், அதற்குக் கிணற்றுப் பாசனம் வேண்டும். திருப்பூர்ச் சந்தையில் பருத்திக்குக் கிடைத்த விலையைப் பார்த்து எத்தனையோ பேர் கடன் வாங்கிக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். என் அப்பாருவும் 1929-இல் புரோநோட்டு என்னும் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்து அதைத்தான் செய்தார். அடுத்த ஆண்டே உலகப் பொருளாதார மந்தம் வந்து பருத்தி விலை சரிந்தது. கிணற்றில் பாதி வேலை நின்றுபோயிற்று. வெடிமருந்துக்கும் பாறை உடைத்தவர்களின் கூலிக்கும் கையில் காசு இல்லாத அந்த நேரத்தில், 'வீட்டில்' இருந்து அந்த அறுபது ரூபாய் வந்திருக்கிறது.

அது அப்பத்தா தனியாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த சிறுவாட்டுப் பணம். வெண்ணெய் உருக்கி நெய் விற்றும், கோழி வளர்த்து விற்றும், பருத்திக் காட்டில் கடைசி எடுப்பில் தங்கிய கொட்டுப் பருத்தியைப் பொறுக்கிச் சேர்த்தும் அணா அணாவாகச் சேர்த்தது. அடுக்குப் பானையின் அடிப்பானையில், கொள்ளுக்குள் புதைத்து வைத்திருந்தாராம். இதைச் சொன்னவர் என் மூத்த அத்தை. மொத்தப் பணத்தையும் அப்பத்தா ஒரே இரவில் எடுத்துக் கொடுத்துவிட்டார் என்றும், அதைப் பற்றிப் பின்னர் ஒரு நாளும் வாய் திறந்து பேசியதில்லை என்றும் அத்தை சொன்னார்.

கிணற்றில் தண்ணீர் கண்ட பிறகு அந்த இருவரும் வாழ்ந்த வாழ்க்கையை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிணற்று நீர் இறைக்கும் கவலை ஏற்றத்தில் இரண்டு எருதுகள் சரிவான பாதையில் இறங்கி நடக்க, உருளைமேல் வடம் இழுபட்டு, தண்ணீர் நிறைந்த சால் என்னும் பெரிய வாளி மேலே வரும். வால்கயிற்றைத் தளர்த்தினால் சாலின் அடியிலுள்ள தும்பி என்னும் தோல் குழாய் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். பிறகு எருதுகள் பின்னோக்கி நடந்து மேலேற வேண்டும். வடத்தின்மேல் அமர்ந்து இறங்குவதும், எருதோடு சேர்ந்து ஏறுவதுமாக, கோழி கூப்பிடுவதற்கு முன்பு தொடங்கி வெயில் ஏறும்வரை அப்பாரு நூற்றுக்கணக்கான முறை அந்தச் சரிவில் நடந்திருக்கிறார். அந்தத் தண்ணீரை வாய்க்காலில் வாங்கி, மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாக மடை திருப்பித் தண்ணீர் கட்டியவர் அப்பத்தா. கவலைக்கும் பாத்திக்கும் இடையே கூப்பிடு தூரத்துக்கு மேல். இருட்டில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. உருளையின் கிறீச்சொலிதான் இருவருக்கும் இடையே பேச்சாக இருந்திருக்கிறது. ஒலி சீராக வந்தால் தண்ணீர் வருகிறது. நின்றுவிட்டால் வடம் அறுந்துவிட்டது, அல்லது எருது படுத்துவிட்டது. "உருளைச் சத்தம் நின்னா உங்கப்பத்தாளுக்கு ஒறக்கத்துலயும் முழிப்பு வந்துரும் கண்ணு" என்று அத்தை சொன்னபோது, அவர்களுடைய இல்லறத்தைப் பற்றி அதைவிட நெருக்கமாக யாரும் எனக்குச் சொல்லப் போவதில்லை என்று தோன்றிற்று.

இங்கே ஒன்றை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தும்பியைத் தைத்துக் கொடுத்தவரும், வடமும் வாரும் பழுதுபட்டபோதெல்லாம் வந்து சீர் செய்தவரும் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர். அவரும் அவர் மனைவியும் அந்தத் தோட்டத்திலேயே உழைத்துத் தேய்ந்தவர்கள். எங்கள் வீட்டு வாசலுக்குள் அவர்களை விட்டதில்லை; கிணற்று நீரைத் தங்கள் கையால் மொண்டு குடிக்கவும் விட்டதில்லை. என் அப்பத்தாவுக்காவது நோட்டில் 'வீட்டில்' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தத் தம்பதிக்குக் கம்பு அளந்த கணக்கு மட்டுமே இருக்கிறது. எங்கள் குடும்பப் பெருமையைப் பேசும் எவரும் இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1929-இல் வாங்கிய கடன் ஒன்பது ஆண்டுகள் கழுத்தை நெரித்தது. ராஜாஜி முதல்வராக இருந்தபோது 1938-இல் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களுக்கு 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டியைத் தள்ளுபடி செய்தது. அசலை மட்டும் கட்டி அப்பாரு மீண்டார். நோட்டில் அந்த 1929 கடன் வரியின் குறுக்கே விழுந்த கோடு மற்ற எல்லாக் கோடுகளையும்விட அழுத்தமாக இருக்கிறது.

பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தந்த அந்த வாய்க்காலுக்கு மேட்டுப்புறம் எங்கள் நிலம் அமைந்துவிட்டதால் ஒரு சொட்டும் எங்களுக்கு வரவில்லை. 1959-இல் மின்சாரம் வந்து மோட்டார் வைத்த பிறகுதான் கவலை நின்றது. சத்தமே இல்லாத அந்த முதல் சில நாட்கள் அப்பத்தா கோழி கூப்பிடும் முன்பே எழுந்து போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வருவாராம்.

அப்பாரு 1967-இல் காலமானார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் பங்கில் மனைவிக்கும் மகள்களுக்கும் உரிமை இருந்தது. ஆனால், எங்கள் பக்கத்து வழக்கம் வேறாக இருந்தது. என் தந்தை பெயருக்கு நிலம் தடையின்றி மாற வேண்டும் என்று 1968-இல் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது. என் மூன்று அத்தைமார்களும் அப்பத்தாவும் அதில் தங்கள் உரிமையை விட்டுக் கொடுத்தார்கள். மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சமபங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989-இல் வந்தபோதுகூட, 25.3.1989-க்கு முன் மணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. என் அத்தைமார்கள் மூவரும் அந்த வரிசையில்தான் நின்றார்கள்.

அந்த விடுதலைப் பத்திரத்தின் நகலைச் சென்ற ஆண்டு எடுத்துப் பார்த்தேன். என் அப்பத்தாவின் பெயர் முழுமையாக எழுதப்பட்ட காகிதம் எங்கள் குடும்பத்தில் அது ஒன்றே. பெயருக்குக் கீழே இடதுகைப் பெருவிரல் ரேகை. மண்வெட்டிக் காம்பிலும் மத்துக் கயிற்றிலும் தேய்ந்த விரல் ஆகையால் முதல் முறை வைத்தது வெறும் மைத்தீற்றலாகப் போய்விட்டது. பக்கத்திலேயே மறுபடியும் வைத்திருக்கிறார். அதிலும் விளிம்பில் நாலைந்து கோடுகள்தான் தெரிகின்றன.

நன்றி, வணக்கம்.