நாடுகளுக்கு மேலான சட்டமும் நம்ம ஊர்க் கூலியும்

(பாளையங்கோட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் திருத்தாமல் எழுதியிருக்கிறேன்.)

பெரியோர்களே, தாய்மார்களே, சட்டக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளே,

தலைப்பைப் பார்த்துவிட்டு வாசலிலேயே ஒரு அண்ணாச்சி மடக்கினார்: "ஐரோப்பாக்காரன் போடுற சட்டத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்வி. பதிலை நிலவாகையிலிருந்து தொடங்குகிறேன். நம் மானாவாரிக் காடுகளில் விளைகிற பேதி மருந்து இலை. வியாபாரிகள் சென்னா என்பார்கள். ஐரோப்பிய மருந்துத் தர நூலில் 'திருநெல்வேலி சென்னா' என்றே நெடுங்காலம் அந்தச் செடியின் காய்க்குத் தனித் தலைப்பு இருந்தது. 1964-ல் செய்த ஓர் உடன்படிக்கையின் பேரில் வெளியாகும் நூல் அது. சேர்ந்த நாடுகள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும். மருந்துச் சத்து எவ்வளவுக்குக் குறையக் கூடாது, தூசி தும்பு எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று அளவோடு எழுதியிருக்கும். தவறினால் அந்தச் சரக்கு அங்கே மருந்தாக விலை போகாது.

அந்த இலையைப் பறித்த அக்காவின் கூலியைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. மருந்து நூலில் கூலியை ஏன் எழுதப் போகிறார்கள் என்பீர்கள். சரி, வேறு எந்த நூலில் எழுதியிருக்கிறார்கள்?

கொஞ்சம் பின்னால் போவோம். 1908 தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் நமக்குப் பள்ளிப் பாடம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள்; கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டுத் தொழிலாளர் வெளியே வந்தார்கள்; மார்ச் தொடக்கத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. பதினொரு வருடம் கழித்து, 1919-ல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வாஷிங்டனில் கூடித் தன் முதல் உடன்படிக்கையை எழுதியது. ஆலையில் நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48. அதிலேயே பத்தாவது பிரிவைப் புரட்டுங்கள்: பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வாரம் 60 மணி! ஜப்பானுக்கும் தனி ஏற்பாடு. சீனா, பாரசீகம், சயாம் மூன்றுக்கும் பொருந்தவே பொருந்தாது. உலகப் பொதுச் சட்டம் என்று வந்த முதல் பந்தியிலேயே நமக்கு இலை வேறு. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த 60-ஐ வைத்துத்தான் 1922-ல் இங்கே ஃபாக்டரி சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன் பஞ்சாலையில் நாளைக்கே பன்னிரண்டு மணி வரை வேலை வாங்கலாம்.

இனி ஐரோப்பா. 1957 ரோம் ஒப்பந்தத்தில் 119-வது பிரிவு: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி. பெண்கள் மேல் இரக்கப்பட்டு எழுதியதாக நினைக்காதீர்கள். பிரான்சில் அப்போதே சம கூலிச் சட்டம் இருந்தது. பக்கத்து நாட்டுக்காரன் பெண்களுக்குக் குறைத்துக் கொடுத்துத் துணியை மலிவாக விற்றால் நம் மில் என்னாகும் என்று பிரெஞ்சுக்காரர்கள் பயந்தார்கள். வியாபாரப் பயத்தில் பிறந்த பிரிவு. எழுதி வைத்துவிட்டு எல்லோரும் மறந்தே போனார்கள்.

மறக்காதவர் பெல்ஜியத்து விமானப் பணிப்பெண் கேப்ரியல் டெஃப்ரென். சபேனா கம்பெனியில் வேலை. பக்கத்தில் அதே வேலை பார்த்த ஆணுக்குக் கூடுதல் சம்பளம். பெண்ணுக்கு நாற்பது வயதானால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒப்பந்தம். வழக்கு லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. ஒப்பந்தம் அரசுகளுக்குள் செய்துகொண்டது, தனி ஆள் எப்படிக் கேட்கலாம் என்று எதிர்வாதம். 1976 ஏப்ரல் 8-ல் தீர்ப்பு: கேட்கலாம், தனியார் முதலாளியிடமும் கேட்கலாம். கடைசியில் அவர் கைக்கு வந்த சம்பள பாக்கி 12,716 பெல்ஜியம் ஃபிராங்க். பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பைக் கண்டு பிரிட்டனும் அயர்லாந்தும் மலைத்துப் போய், பழைய பாக்கியெல்லாம் கொடுத்தால் எங்கள் கம்பெனிகள் தாங்காது என்று முறையிட்டன. நீதிமன்றமும் இறங்கி வந்து, ஏற்கெனவே வழக்குப் போட்டவர்கள் தவிர மற்றவர்களுக்கு இன்று முதல்தான் உரிமை என்றது. உரிமைக்குத் தேதி குறித்துக் கொடுத்த தீர்ப்பு அது. நாற்பது வயது விவகாரத்தில் அவர் 1978-ல் தோற்றும் போனார்.

அதே நீதிமன்றம் 2007-ல் வேறு முகம் காட்டியது. ஸ்வீடனில் பள்ளிக்கூடம் கட்ட வந்த லாட்வியா கம்பெனி ஒன்றை, எங்கள் ஊர்க் கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்று சங்கம் முற்றுகையிட்டது. கம்பெனியின் சேவைச் சுதந்திரத்தைச் சங்கம் மீறிவிட்டது என்று தீர்ப்பு. பிறகு சங்கம் நஷ்டஈடும் கட்டியது. மேலே உள்ள சட்டம் எப்போதும் ஏழைக்கு மாமன் மச்சான் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

டெஃப்ரென் ஜெயித்ததற்கு நான் காண்கிற காரணம், தான் யாரிடம் வேலை பார்த்தேன், எவ்வளவு வாங்கினேன், பக்கத்து ஆள் எவ்வளவு வாங்கினான் என்பதற்கு அவரிடம் காகிதம் இருந்தது. முக்கூடலுக்கும் மேலப்பாளையத்துக்கும் வாருங்கள். பீடி சுற்றுகிற மதினியிடம் என்ன காகிதம் இருக்கிறது? இலையும் தூளும் கடையில் வாங்கி, வீட்டில் சுற்றி, கட்டுக் கட்டி, திரும்பக் கடையில் போடுகிறார். கடைக்காரர் கழித்தது போக மிச்சத்துக்குக் கூலி. கூலிக் கணக்கு எழுதும் பாஸ் புத்தகம் சில வீடுகளில் அவர் பேரில், சில வீடுகளில் இன்னொருத்தி பேரில், சில வீடுகளில் யார் பேரிலும் கிடையாது.

பீடியைப் பற்றியும் உலக உடன்படிக்கை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004-ல் ஏற்றது. 2005-ல் அமலுக்கு வந்தது. பாக்கெட் மேல் போடும் எச்சரிக்கைக்கு அதில் காலக்கெடுவும் உண்டு, பாக்கெட்டில் எத்தனை சதவீத இடம் என்பதும் உண்டு. நம் அரசு அதையும் தாண்டி 2016 முதல் 85 சதவீதம் என்றது. நுரையீரலுக்கு நல்லது, நான் குறை சொல்லவில்லை. அதே உடன்படிக்கையின் 17-வது பிரிவு, புகையிலைத் தொழிலாளருக்கு மாற்றுப் பிழைப்பை வளர்க்க வேண்டும் என்கிறது, 'பொருத்தமான வகையில்' என்ற அடைமொழியோடு. அதற்குக் காலக்கெடு இல்லை, சதவீதம் இல்லை. இதற்கிடையில், மருத்துவமனைக்கும் பிள்ளைகள் உதவித்தொகைக்கும் ஆதாரமாக இருந்த பீடி நல வரி 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததோடு போயிற்று. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்த செய்தி பேப்பரில் வருவதும், கடைமடைக் குளம் நிறைவதும் ஒன்றா?

இதில் வேதனை என்னவென்றால், சரக்கு கைமாறுகிற சங்கிலியின் மேல்முனையைப் பிடிக்கிற வித்தை நமக்குத் தெரியாததல்ல. 1966-ன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளியே, நடுவில் எத்தனை கடைக்காரர் இருந்தாலும் மேலே உள்ள முதலாளிக்கே பொறுப்பு என்றது. பீடிக் கம்பெனிகள் எதிர்த்துப் போயின. 1974-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. சரக்குச் சங்கிலியில் கீழே நடப்பதையும் பெரிய கம்பெனியே கவனிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் போட்ட கம்பெனிப் பொறுப்புக் கட்டளையின் கரு இதுதான். இப்போது நம் சட்டம் 2020 தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துவிட்டது. வீட்டுத் தொழிலாளர் பற்றிய 1996 உலக உடன்படிக்கையில் இந்தியா சேரவும் இல்லை.

ஆசியாவில் லக்சம்பர்க் மாதிரி ஒரு நீதிமன்றம் கிடையாது. உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டால் மட்டும் இங்கே சட்டமாகிவிடாது. நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். இடைவெளியை நீதிமன்றம் சில நேரம் நிரப்பும். 1997 விசாகா தீர்ப்பில், சட்டமே இல்லாத இடத்தில், பெண்கள் உரிமை உடன்படிக்கையை வைத்து வேலையிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க விதி வகுத்தார்கள். அப்படி நடப்பது அபூர்வம்.

தூத்துக்குடியைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடித்தால் என்னை மன்னிக்க மாட்டீர்கள். நார்வே அரசின் ஓய்வூதிய நிதி 2007-லேயே வேதாந்தாவின் பங்குகளை விட்டு வெளியேறியது. காரணம் காட்டிய அறிக்கையில் தூத்துக்குடித் தாமிர ஆலையும் ஒன்று. 2018 மே 22, 23 துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததற்குப் பதினொரு வருடம் முன்பு! அந்தக் காகிதம் ஆஸ்லோவில் இருந்தது. ஆலைக்குப் பக்கத்துக் குமரெட்டியாபுரத்துக்கு வந்து சேரவில்லை.

ஜாம்பியாவில் வேறு மாதிரி நடந்தது. சிங்கோலா ஊர்ப்பக்கம் தாமிரச் சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்ததாக 1,826 கிராமத்தார், சுரங்கத்தின் தாய் நிறுவனமான வேதாந்தாவை லண்டனிலேயே வழக்கில் இழுத்தார்கள். உங்கள் ஊரில் போய்க் கேளுங்கள் என்று தள்ளிவிட முடியவில்லை. பிரதிவாதி எந்த நாட்டில் குடியிருக்கிறாரோ அந்த நாட்டு நீதிமன்றம் வழக்கை ஏற்றே ஆக வேண்டும் என்பது அன்று பிரிட்டனையும் கட்டிய ஐரோப்பிய விதி. 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், வழக்கு இங்கே நடக்கலாம் என்றது. கிளை நிறுவனங்களைக் கண்காணிக்கிறோம் என்று தாய் நிறுவனம் பெருமையாக அச்சடித்த அறிக்கையையே அதன் பொறுப்பைப் பற்றி வழக்காடப் போதுமான ஆதாரமாக எடுத்துக்கொண்டது. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விளம்பரத்துக்கு எழுதியது வம்பில் மாட்டிவிட்டது. 2021-ல், தவறை ஒப்புக்கொள்ளாமலே, சமரசமானது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போனதும் அந்த விதியும் போயிற்று.

புதிதாக வருவதில் இரண்டு. 2013-ல் வங்கதேசத்து ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறுக்கு மேல் தையல் தொழிலாளர் செத்த பிறகு சரக்குச் சங்கிலியில் நடப்பதைப் பெரிய கம்பெனிகள் கவனிக்க வேண்டும் என்று பிரான்ஸ் 2017-ல் சட்டம் போட்டது. 2023 முதல் ஜெர்மனியில், சரக்குச் சங்கிலியில் உள்ள எவரும் புகார் சொல்ல வழி வைக்க வேண்டும் என்றார்கள். 2024-ல் ஒன்றியமே கட்டளை போட்டது. மை காய்வதற்குள், 2025-லேயே, கம்பெனிகளின் நெருக்குதலில் அமலாகும் தேதியைத் தள்ளினார்கள். அதை நம்பி யாரும் வேட்டியை மடித்துக் கட்ட வேண்டாம்.

இரண்டாவதில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. கட்டாய உழைப்பில் செய்த பொருளை ஐரோப்பியச் சந்தையில் விற்கத் தடை. 2027 டிசம்பர் 14 முதல் அமல். நிலவாகைச் சரக்கைத் திருப்பி அனுப்புவது போல, இதிலும் சரக்கு நிற்கும். எந்த நாட்டு ஆளும் தகவல் கொடுக்கலாம். முன்பணம் வாங்கி மீள முடியாமல் கிடக்கிற குடும்பம், விடுதிக்குள் பூட்டிய மில் பெண்பிள்ளை, இவர்கள் கதையை யாராவது தேதி, இடம், கூலிச் சீட்டு, எந்தக் கம்பெனிக்குப் போகிற சரக்கு என்ற விவரத்தோடு எழுதினால் அங்கே விசாரணை தொடங்க வழியுண்டு.

சட்டக் கல்லூரிப் பிள்ளைகளே, உங்களை முன்வரிசையில் உட்காரச் சொன்னது அதற்காகத்தான். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் முக்கூடல், ஆலங்குளம் பக்கம் வந்து பாஸ் புத்தகங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்க முடிந்தவர்கள் பெயரை எழுதுங்கள். தமிழில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தால் போதும். ஆங்கிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.